குழாயடித் திட்டில் நான்கு பாட்டில்கள்

சாயம் வெயிலுக்கு ஆகாது. பாட்டிலக்காவுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கென்று அவளே எழுதி வைத்திருக்கும் கையேட்டில் முதல் பக்கத்து முதல் வரி அதுதான்: ‘மாதிரி நீரைப் பழுப்பு நிறப் பாட்டிலில் பிடிக்கவும், பிடித்த கையோடு இருட்டுப் பெட்டியில் வைக்கவும்.’ ‘பிடித்த கையோடு’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆய்வக ஜன்னலைத் திறக்கப் போனபோது, வெள்ளிக்கிழமை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடிக் குப்பி ஒன்று விளிம்பில் நின்றது. லேபிளில் சக ஆய்வாளரின் கோழிக்கிறுக்கல்: ‘பச்சைச் சாயம், நீர்த்தது.’ உள்ளே பச்சை இல்லை. வெறும் தண்ணீர். இரண்டு நாள் வெயில் சாயத்தைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

“அடடா, உள்ள எடுத்து வைக்க மறந்துட்டேன்,” என்றார் சக ஆய்வாளர், காபியை ஆற்றிக்கொண்டே. “போனாப் போகுது. ஒரு சிட்டிகை சாயம்தானே? சொத்தா போச்சு?”

அவள் கண்முன் வந்து நின்றது இந்தக் குப்பி அல்ல. அண்ணன் வீட்டுப் பின்பக்கம், குழாயடித் திட்டின் மேல், வரிசையாக வெயில் காய்ந்த நான்கு பாட்டில்கள்.

அந்தப் பாட்டில்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணறு கிணறாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது வேலை. அதனால் வந்ததுதான் பெயர். முதல் தடவை கேட்கிறவர்கள் பாட்டில் என்றால் வேறு பாட்டில் என்று நினைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவளுடைய டிரைவர் அதை ரசித்து, “அக்கா காலைல எட்டு மணிக்கே ஆரம்பிச்சிருவாங்க,” என்று எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவார்.

அவள் சுற்றும் கிணறுகள் எல்லாம் ஒரு மின்நிலையத்தைச் சுற்றி இருப்பவை. நிலக்கரி இல்லாத, புகைபோக்கி இல்லாத மின்நிலையம். பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் தண்ணீர் கிடக்கிறது. மேலே இருக்கும் பாறையின் பாரம் அழுத்துவதால் அது ஆவியாகாமல் தண்ணீராகவே இருக்கிறது. மூடி போட்ட குக்கர்தான், வேறொன்றும் இல்லை. அந்தக் குக்கருக்குள் ஒரு குழாயை இறக்கி மேலே வழி விட்டால், அழுத்தம் குறையக் குறைய தண்ணீரில் ஒரு பங்கு விசில் அடிப்பதுபோல் ஆவியாகச் சீறும். அந்த ஆவி சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். இதை அவள் நூறு தடவை விளக்கியிருக்கிறாள். நூறாவது தடவையும் முதல் தடவை போலவே கண் விரியத்தான் சொல்வாள். மழைக்காலத்திலும் ராத்திரியிலும் நிற்காத மின்சாரம், அடுப்பே தேவையில்லாத அடுப்பு என்று அதன் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம்.

ஆனால் ஆவியாகாமல் மிச்சப்படும் தண்ணீரை என்ன செய்வது? அது ஆயிரக்கணக்கான வருஷம் பாறையோடு ஊறிக் கிடந்த தண்ணீர். டீத்தூளோடு ஊறின தண்ணீரில் டீ இறங்குகிற மாதிரி, பாறையில் இருக்கிற உப்பு, மணல் சத்து, போரான், ஆர்சனிக் எல்லாம் அதில் இறங்கியிருக்கும். ஆற்றில் விடக் கூடாது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு தனி ஆழ்கிணறு. அதற்குள் தண்ணீரை அமுக்கித் தள்ள ஒரு பெரிய பம்ப். அந்தப் பம்ப்பை இருபது வருஷமாக ஓட்டுகிறவர் அவளுடைய அண்ணன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு வால்வில் நச்சுவாயு கசிந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் முதலில் மூக்கை மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று ஆட்கள் நிம்மதியாக நிற்கும்போதுதான் விழுவார்கள். யாரும் விழுவதற்குள் அவள் அறிக்கை எழுதினாள். நிலையத்தை இரண்டு மாதம் மூடினார்கள். அண்ணனை அங்கே எல்லோரும் ‘ரிப்போர்ட்டுக்காரி அண்ணன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பிடும்போது அவர் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அன்றிலிருந்து அவர் தங்கையோடு பேசவில்லை. அண்ணி மட்டும் ஒளித்து மறைத்துப் போனில் நலம் விசாரிப்பாள்.

போன வருஷம் கிழக்கு வரிசை வீட்டுக்காரர்கள் ஒரு சந்தேகம் கிளப்பினார்கள். பதினோரு வீடு, அவர்களுக்கு நான்கு போர்க்கிணறு. திருப்பி அனுப்புகிற தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக எங்கள் கிணற்றுக்கு வந்தால்? நியாயமான கேள்வி. பதில் கிடைக்கும் வரை நிலையத்தின் செலவில் தினமும் லாரியில் குடிதண்ணீர் வந்தது. பதிலைக் கண்டுபிடிக்கும் வேலை பாட்டிலக்காவிடம் வந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. தண்ணீரைத் திருப்பி அனுப்பும் ஆழ்கிணற்றில் பச்சைச் சாயத்தைக் கரைத்து விடுவார்கள். பிறகு சுற்றியிருக்கும் கிணறுகளில் மூன்று நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் பிடித்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்தாலும் கருவிக்குத் தெரியும். சாயம் வந்தால் வழி இருக்கிறது, வராவிட்டால் இல்லை. ஒரே ஒரு சிக்கல்: வெடிப்பு நேராக இருந்தால் சாயம் ரயில் மாதிரி வந்து ரயில் மாதிரி போய்விடும். அந்த ஓரிரு நாளில் பிடிக்காவிட்டால் பிடிக்கவே முடியாது.

இருபத்து நான்காம் நாள் அவள் கிழக்கு வரிசைக்குப் போனாள். காலையில் வண்டியிலிருந்து இறக்கும்போது டிரைவர் பழுப்புப் பாட்டில் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். பாதி உடைந்தது. மீதி மேற்கு வரிசைக்கே சரியாகப் போயிற்று. “அக்கா, கடைல தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரட்டா? வெள்ளையாத்தான் இருக்கும்,” என்றார். வெள்ளைப் பாட்டிலானால் என்ன, பிடித்த கையோடு இருட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று அவளும் சரி சொன்னாள். மூன்று கிணற்றில் பிடித்துக்கொண்டு, நான்காவதாக அண்ணன் வீட்டுப் பின்பக்கக் குழாய்க்கு வந்தாள். நான்கு பாட்டிலையும் திட்டில் வைத்துத் துடைத்து, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி வண்டியில் இருந்தது.

பின்கதவு திறந்தது. அண்ணன் நின்றார். மூன்று வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது.

“பொடிசு,” என்றார். “சாப்பிட்டியா?”

அவ்வளவுதான். அவள் கையில் இருந்த லேபிளை எங்கே ஒட்டினாள் என்றே அவளுக்கு நினைவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அண்ணி பரிமாறிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே பரிமாறினாள். அண்ணன் மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தை மடியை விட்டு இறங்கவும் இல்லை. அண்ணன் பம்ப்பைப் பற்றியே பேசினார். வேறு பேச்சு எடுத்தால் பழசு வந்துவிடும் என்ற பயம்.

“மூணு நாளா பம்ப் பூ மாதிரி ஓடுது. முப்பத்தாறுல நின்ன அழுத்தம் இருபத்தெட்டுக்கு எறங்கிடுச்சு. கரெண்ட் எவ்வளவு மிச்சம் தெரியுமா? மேனேஜர் வந்து முதுகுல தட்டிக் கேக் வெட்டினாரு.”

“உனக்குக் கேக் குடுத்தாங்களா, இல்ல பம்ப்புக்கா?” என்றாள் அவள்.

“பம்ப்புக்குத்தான். எனக்கு க்ரீம்தான் கிடைச்சுது,” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வெளியே வந்தபோது மணி நான்கு அடித்து ஐந்து நிமிஷம். பாட்டில்கள் திட்டிலேயே நின்றன. தொட்டாள், சுட்டது. உள்ளே ஒரு குரல், ‘எழுதி வை, இந்த மாதிரி வெயிலில் இருந்தது என்று எழுதி வை,’ என்றது. இன்னொரு குரல், ‘ஒரு நாள் மாதிரிதானே, மூன்று நாளில் மறுபடி வரத்தானே போகிறாய்,’ என்றது. இரண்டாவது குரலுக்கு அன்று வயிறும் மனசும் நிறைந்திருந்தன. குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் ஒழுங்காக எழுதினாள்: பிடித்தது 11.20, பெட்டியில் வைத்தது 4.05. அதற்குப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அந்த நான்கு பாட்டிலிலும் சாயம் இல்லை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கிழக்கு வரிசைக்கு வழி இல்லை என்று அறிக்கை போயிற்று.

அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். கிழக்கு வரிசையில் முதல் வீட்டுக்காரி ஒரு இஸ்திரிக்காரம்மா; வாய்க்குப் பூட்டு வாங்காதவள். எழுந்து நின்று, “கருவி சொல்லுது, காயிதம் சொல்லுதுன்றீங்க. நீங்க ஒரு டம்ளர் குடிங்க பாப்போம்,” என்றாள். கூட்டம் சிரித்தது. யாரோ டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாட்டிலக்கா மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். கைதட்டினார்கள். மறுநாள் லாரி நின்றது.

அது நின்று தொண்ணூற்றாறாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு சோதனை செய்தாள். மிக மெலிதாகச் சாயம் கரைத்த தண்ணீரை அதே மாதிரி வெள்ளைப் பாட்டிலில் ஊற்றி, சரியாகப் பதினொன்று இருபதுக்கு மொட்டைமாடிச் சுவரில் வைத்தாள். நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு எடுத்துக் கருவியில் வைத்தாள். காலையில் அடையாளம் கண்ட கருவி, சாயங்காலம், ‘ஒன்றும் இல்லை’ என்றது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனாலும் பிடித்தாள்.

புதன்கிழமை பனிப்பெட்டியைத் திறந்தாள். சாயச் சோதனையில் பாட்டிலுக்குத் துணையாக இன்னொன்றும் வைப்பது வழக்கம்: தைத்த வலைப்பையில் ஒரு பிடி கரி. அதைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டால், கடந்து போகிற சாயத்தைக் கரி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டில், வந்த நிமிஷத்தை மட்டும் காட்டும். கரி, போனதையும் நினைவில் வைத்திருக்கும். பாட்டில்களில் எதுவும் வராததால் கிழக்கு வரிசைக் கரிப்பைகளைச் சோதிக்கும் செலவு வீண் என்று பனிப்பெட்டியிலேயே விட்டிருந்தாள். அண்ணன் வீட்டுப் பையை எடுத்து, கரியைக் குவளையில் கொட்டி, எரிசாராயமும் எரிசோடாவும் கலந்த கரைசலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

கரி எதையும் சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்புத் துண்டுகளின் மேல் ஒரு கோடு தெரிந்தது. துளிர் இலை மாதிரி ஒரு பச்சை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தப் பச்சையைப் பார்த்து அவள் துள்ளியிருக்கிறாள். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்திலாவது போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வழி இருக்கிறது என்பதால் விஷம் வந்துவிட்டது என்று ஆகிவிடாது. வழியில் பாறை வடிகட்டியிருக்கலாம். இன்னும் ஒரு சோதனை, உறுதி செய்துகொண்டு சொல்லலாம். ஆராய்ச்சிக்காரர்களுக்கு ‘இன்னும் ஒரு சோதனை’ என்பதைவிட மரியாதையான ஒளிவிடம் கிடையாது. வியாழக்கிழமை அண்ணிக்குப் போன் செய்து, “ஒரு கருவியச் சரிபாக்கணும் அண்ணி, உங்க குழாய்த் தண்ணி ஒரு பாட்டில் டிரைவர்கிட்ட குடுத்து விடுங்க,” என்றாள். பொய்க்கு நாக்கு சுளுவாகத்தான் வளைந்தது. ஆர்சனிக் பார்க்கிற கருவி தலைமை ஆய்வகத்தில். அவசரம் என்று சீட்டில் எழுதினால் அன்றே பார்ப்பார்கள். என்ன அவசரம் என்றும் கேட்பார்கள். அவள் எழுதவில்லை. வரிசைப்படி ஒரு வாரம் ஆயிற்று.

அந்த ஒரு வாரமும் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் மனசுக்குள் எண்ணினாள்: பதினோரு வீடு, நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு டம்ளர்.

நூற்றாறாம் நாள் காலையில் முடிவு வந்தது. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாத ஆர்சனிக், இருபத்தேழு இருந்தது.

மத்தியானம் வண்டி அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, காலையில் எழுதி வைத்த கடிதத்தை இன்னொரு தரம் படித்தாள். தன் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும், லாரித் தண்ணீரை இன்றே அனுப்ப வேண்டும் என்றும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நிலையத்துக்கும் எழுதியது. குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இணைத்திருந்தாள், காலிக் கட்டத்தோடு. உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டால் கை வராது என்று தெரியும். அங்கேயே அனுப்பினாள்.

“என்ன ஆச்சுக்கா, எறங்கலையா?” என்றார் டிரைவர்.

“ஒண்ணுமில்ல. நீங்க வண்டியிலயே இருங்க.”

“அன்னிக்குப் பெட்டியைப் போட்டு உடைச்சதுக்கு இன்னும் திட்டலாம்னு இருக்கீங்களோ?” என்று சிரித்தார் அவர்.

“உடைஞ்சது உங்க தப்பு. மத்தது என்னுது,” என்றாள். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வா வா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற! இரு, முதல்ல தண்ணி குடி,” என்று டம்ளரை நிரப்பினாள். அண்ணன் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, பனியனோடு ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கும் தாகம், தனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வாயருகில் கொண்டுபோனாள்.

“அண்ணி, அதைக் குடிக்காதீங்க.”

“ஏன்? பல்லி கில்லி விழுந்திருக்கா?” என்று அண்ணி டம்ளருக்குள் பார்த்தாள்.

“பல்லி இல்ல. ஆர்சனிக்.”

அண்ணி சிரிக்கப் போனவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். “நாங்க கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறோம்?”

இதற்குப் பதில் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. “கிருமின்னா கொதிச்சா சாகும் அண்ணி. இது உப்பு மாதிரி. தண்ணிதான் ஆவியாப் போகும், இது அடியிலயே தங்கும். கொதிக்கக் கொதிக்கக் கூடத்தான் செய்யும்.”

அண்ணி டம்ளரை மேடையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

அண்ணன் துணியை மடித்து ஷூவுக்குள் வைத்தார். “எவ்வளவு இருக்கு?”

“இருபத்தேழு. பத்துதான் இருக்கலாம். இன்னிக்கு நாளைக்கு ஆளை விழுத்தாட்டுற அளவு இல்லண்ணே. வருஷக்கணக்காக் குடிச்சாத்தான் பெரிய ஆபத்து. ஆனா ஒரு நாள்கூடக் குடிக்கக் கூடாது.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“இன்னிக்குக் காலைலதான்...” என்று ஆரம்பித்தாள். வாய் பழகிய வழியிலேயே போனது. நிறுத்திக்கொண்டாள். “இல்ல. பத்து நாளாச் சந்தேகம். எட்டு நாளாத் தெரியும்.”

“எட்டு நாள்,” என்றார் அண்ணன். “தினமும் ரெண்டு பாட்டில் இந்தக் குழாய்ல புடிச்சுக்கிட்டுத்தான் சின்னவ ஸ்கூலுக்குப் போறா. அத்தை குடிச்ச தண்ணின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுது அது.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: உடைந்த பெட்டி, வெள்ளைப் பாட்டில், குழாயடித் திட்டு, காலிக் கட்டம், பச்சைக் கோடு. அண்ணன், ‘அன்னிக்கு நீ சாப்பிடக் கூப்பிட்டப்போ’ என்று அவள் சொன்ன இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்ப என் மேலதான் தப்பு. நான்தானே கூப்பிட்டேன்?”

“சாப்பிடக் கூப்பிட்டது தப்பாண்ணே? பெட்டிக்குள்ள வைக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.”

அண்ணி போய் அடுப்பை அணைத்தாள்.

“அன்னிக்கு நீ ஒண்ணு சொன்ன,” என்றாள் தங்கை. “பம்ப் பூ மாதிரி ஓடுதுன்னு.”

அண்ணன் நிமிர்ந்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷ பம்ப்பு. தள்ளுகிற தண்ணீருக்குத் தடை குறைந்தால் ஒன்று குழாய் உடைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்குப் புது வழி கிடைத்திருக்க வேண்டும். வேறு எப்படியும் எட்டுப் புள்ளி இறங்காது.

“முப்பத்தாறுல இருந்து இருபத்தெட்டு,” என்றார் மெதுவாக. “வீட்டுக் குழாய்ல இப்படி ஆனா ஓடிப் போய் எங்கடா ஒழுகுதுன்னு சுவர் சுவராத் தடவுவேன். அங்க...” ஷூவைக் கீழே வைத்தார். “அங்க கேக் வெட்டினோம்.”

“நானும் சிரிச்சேன்.”

“நீ சிரிச்சே. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொத்தானை மட்டும் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

“மறுபடியும் ரெண்டு மாசம் மூடிருவாங்களா?”

“மூட வேணாம். கடிதத்துல அதையும் எழுதியிருக்கேன். பாதி ஓட்டம் ஓட்டுங்க. திருப்பி அனுப்புற தண்ணியை வடக்குல இருக்கிற இன்னொரு ஆழ்கிணத்துக்கு மாத்துங்க. அது இன்னும் எழுநூறு மீட்டர் ஆழம், குழாயைச் சுத்திச் சிமெண்டும் புதுசு. அழுத்தம் கூடுனாலும் சரி, குறைஞ்சாலும் சரி, அன்னிக்கே நிறுத்திக் காரணம் பாக்கணும். ஒழுங்கா ஓட்டினா இதைவிட நல்ல மின்சாரம் இல்லண்ணே. ஒழுங்கா ஓட்டணும், ஒழுங்காப் பாக்கணும். நான் பாக்கல.”

“அழுத்தக் கணக்குப் புத்தகம் என் மேசைல இருக்கு. அந்த மூணு நாள் பக்கத்தை எடுத்து மேனேஜர்கிட்ட வைக்கிறேன். மறுபடி என் பெஞ்சில யாரும் உக்கார மாட்டான்.” வாசலுக்குப் போய் நின்றார். திரும்பவில்லை. “நான் அங்க சொல்றேன். இங்க தெருவுக்கு யார் சொல்றது?”

“நான்தான்.”

“லாரிக்காரன் வந்து சொல்லட்டும்னு விட்டுடாத.”

“விடமாட்டேன்.”

அவர் போனார். பொடிசு என்று கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

முதல் வீடு இஸ்திரிக்காரம்மாவுடையது. மேசையில் பாதி தேய்த்த சட்டை கிடந்தது. கைப்பிடி வைத்த குவளையிலிருந்து தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிச் சட்டையில் தெளித்துக்கொண்டிருந்தவள், “அடடே, பாட்டிலக்கா! மறுபடியும் பாட்டிலோட வந்துட்டீங்களா, இல்ல இந்தத் தடவை கையை வீசிக்கிட்டா?” என்றாள்.

பாட்டிலக்கா சொன்னாள். அண்ணனிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில், ஆனால் எதையும் விடாமல். தன் தப்பை முதலில் சொன்னாள், ஆர்சனிக்கை அடுத்ததாக. சாயங்காலம் லாரி வரும், அதுவரை குழாய்த் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், துணி துவைக்கலாம், குளிக்கலாம் என்று கடைசியாக.

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையிலிருந்து ஆவி எழுந்தது.

“கூட்டத்துல நான் ஒரு டம்ளர் குடிங்கன்னு கேட்டேன். குடிச்சீங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அதைப் பாத்துட்டு நாங்க எத்தனை நாள் குடிச்சோம்?”

“நூத்தாறு நாள்.”

“எண்ணியே வச்சிருக்கீங்க.”

பாட்டிலக்கா மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அது சில்லறை மாதிரி இருந்தது. இருந்தாலும் சொன்னாள். இஸ்திரிக்காரம்மா அதை வாங்கிக்கொண்டதாகவும் காட்டவில்லை, திருப்பிக் கொடுத்ததாகவும் காட்டவில்லை. குவளையில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள். மண் உறிஞ்சிக்கொண்டது.

“என் புருஷனுக்கு மாத்திரை போடுற தண்ணி இது,” என்றாள். “டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லணும்? ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. படிக்கிற மாதிரி எழுதுங்க.”

பாட்டிலக்கா பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பொருளின் பெயர், அளவு, நாள் எல்லாம் எழுதி, கீழே தன் கையெழுத்தும் போன் நம்பரும் போட்டுக் கிழித்துக் கொடுத்தாள். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினாள்.

“இன்னும் ஒன்பது வீடு இருக்கு. உங்க அண்ணன் வீட்ட விட்டுட்டு,” என்றாள், பெட்டியை மறுபடி எடுத்தபடி. “அடுத்த வீட்டம்மாவுக்குக் காது மந்தம். கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதீங்க. வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லுங்க.”

“தெருவுக்கே கேக்குமே.”

“கேக்கட்டும்,” என்றாள் இஸ்திரிக்காரம்மா.

பாட்டிலக்கா அடுத்த வாசலுக்குப் போனாள். ஜன்னல் வழியாக உள்ளே ஒரு அம்மாள் முதுகு காட்டிப் பாத்திரம் கழுவுவது தெரிந்தது. மெதுவாகக் கூப்பிட்டாள்; திரும்பவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, முதல் வார்த்தையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.